கம்பிக்குக் கண் இல்லை

கோலா கங்சார் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அப்பா, காட்டுப்பன்றியைத் திட்டாத நாளில்லை. லயத்துக்குப் பின்னால் போட்ட மரவள்ளியை ஒரே இரவில் கிளறிப் போட்டுவிடும். ஆனாலும் கம்பிக் கண்ணி வைக்க அவர் ஒப்பவே இல்லை.

ஏனென்று எனக்கு விளங்கியது சுங்கை சிப்புட் காட்டில்தான். தெமியார் பழங்குடிப் பெரியவர் ஒருவரோடு ஓலை மறைப்புக்குள் குந்தியிருந்தேன். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தவர், என் சுருட்டைப் பிடுங்கி மண்ணில் அணைத்தார். மடியில் ஊதுகுழல், அம்பு முனையில் ஈப்போ மரத்து நச்சுப் பால். மூன்று மணி நேரம் கொசுக்கடி. கடைசியில் பழத்துக்கு வந்தது, வயிற்றில் குட்டியைச் சுமந்த குரங்கு. குழலைக் கீழே வைத்துவிட்டார்.

கண்ணி அப்படி வைக்குமா? பன்றிக்குக் கட்டிய கம்பியில் புலியின் காலும் மாட்டும். மலேசியாவில் காட்டுப்புலிகள் 150க்கும் குறைவு. பன்றி வேட்டைக்கு உரிமம் உண்டு; எடுத்துக்கொண்டு, உட்கார்ந்து, பார்த்துச் சுடட்டும். கம்பி கட்டிவிட்டு வீட்டில் தூங்குகிறவனை வேட்டைக்காரன் என்று நான் சொல்லமாட்டேன்.

தோட்டத்து ஓரத்தில் கம்பிச் சுருக்கைக் கண்டால் தாண்டிப் போய்விடாதீர்கள். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள்.