சைக்கிளுக்குத் தெரியாத எல்லை

விடியலில் நெடுஞ்சாலையில் ஐம்பது கிலோமீட்டர் மிதித்துவிட்டு, இட்லியோடு வீடு திரும்புவதே நகரத்துச் சைக்கிள் குழுக்களின் வழக்கம். வேகம் பதிவாகும், ஊர் பதிவாகாது. சென்ற மாதம் நாங்கள் ஆறு பேர் திருத்தணியிலிருந்து நகரிக்குக் கிராமச் சாலைகள் வழியே, கரும்பு வயல்களைப் பார்த்தபடி மெதுவாகவே போனோம்.

வேங்கடம்வரை கேட்ட ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய போராட்டத்தின் பயனாய், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதன் நியாயத்தில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் படாஸ்கர் கிராமத்தை அலகாகக் கொண்டு பெரும்பான்மை மொழியைக் கணக்கிட்டார். நகரிக்குச் சற்று முன்னால், மதியம் நாங்கள் உண்ட சிறு சாப்பாட்டுக் கடையில் அந்தக் கணக்கு செல்லாது. பரிமாறிய அம்மா எங்களிடம் தமிழிலும், அடுப்படியில் மருமகளிடம் தெலுங்கிலும், கோபம் வந்தபோது இரண்டிலும் பேசினார். (புளிச்சக்கீரை கேட்டோம், கோங்கூரா வந்தது. சுவையில் வழக்கில்லை.)

எல்லைப் போராட்டத்தைத் தலைவர்களின் எழுத்தில் படித்திருக்கிறோம். இந்த அடுப்படியை எழுதிய தமிழ் நாவல் எதையும் நாங்கள் படித்ததில்லை. எழுத நினைப்பவர்கள் பேருந்தில் வர வேண்டாம். சைக்கிளில் வந்து, பசித்து, அங்கே உட்காரட்டும். வெயில் தாழும்வரை எங்களை யாரும் எழுப்பவில்லை.