இரண்டு மேகங்கள்

விழுப்புரம் ஜங்ஷனில் ராத்திரி பத்து மணிக்கு ரயிலை விட்டு இறங்கியதும் ஒரு நிமிஷம் தலையை நிமிர்த்தி நட்சத்திரங்களை எண்ணிப் பாருங்கள். யார்டு விளக்கு, பஸ் ஸ்டாண்டு ஹைமாஸ்ட், ஜவுளிக்கடை போர்டு எல்லாவற்றையும் மீறித் தெரிவதை விரல் விட்டே எண்ணிவிடலாம். திண்டிவனம் மட்டும் என்ன வாழ்ந்தது? சென்னை-திருச்சி நெடுஞ்சாலையின் அத்தனை ஹெட்லைட்டும் அந்த ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது.

இந்த ஊர்களின் மொட்டை மாடியிலிருந்து 1,350 ஒளியாண்டு தள்ளியிருக்கும் ஒரு வாயு மேகத்தைப் போட்டோ எடுக்கலாம் என்றால், 'சார், நீங்க தூங்கி எத்தனை நாளாச்சு?' என்பீர்கள்.

எடுக்கலாம். நிலா இருக்கும் ராத்திரியில்கூட எடுக்கலாம். சூட்சுமம், அதிக வெளிச்சம் சேர்ப்பதில் இல்லை. வருகிற வெளிச்சத்தில் ஏறக்குறைய எல்லாவற்றையும் 'வேண்டாம்' என்று திருப்பி அனுப்புவதில் இருக்கிறது.

திருவாதிரை தெரியுமல்லவா? அதற்குத் தெற்கே மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்கும். அவற்றுக்கும் கொஞ்சம் தெற்கே பஞ்சுப்பொட்டு மாதிரி மங்கலாக ஒன்று. அதுதான் ஓரியன் நெபுலா. நெபுலா என்றால் லத்தீனில் மேகம். ஹைட்ரஜனும் கொஞ்சம் மற்றதுகளும் கலந்த மேகம். உள்ளே பிறந்த இளம் நட்சத்திரங்களின் சூட்டில் நியான் போர்டு மாதிரி ஒளிர்கிறது.

நியான் போர்டு என்று சும்மா சொல்லவில்லை. குண்டு பல்பு எல்லா நிறத்தையும் கொட்டும். ஒளிரும் வாயு அப்படியில்லை, தனக்கென்று குறிப்பிட்ட சில நிறங்களை மட்டும்தான் வெளியிடும். ஹைட்ரஜனின் சிவப்பு 656.3 நானோமீட்டர். ஆக்ஸிஜனின் பச்சை 500.7. கந்தகம் 672-க்குப் பக்கத்தில் அடர்சிவப்பு.

இதில் அந்தப் பச்சைக்கு ஒரு கதை உண்டு. 1864-ல் வில்லியம் ஹக்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் ஒரு நெபுலாவின் ஒளியை முதன்முதலில் நிறம் பிரித்துப் பார்த்தார். பூமியில் எந்தப் பொருளிலும் அகப்படாத ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. புதுத் தனிமம் என்று முடிவு கட்டி 'நெபுலியம்' என்று பிற்பாடு பேரும் வைத்துவிட்டார்கள். 1927-ல்தான் ஐரா போவன் என்ற அமெரிக்கர் அது நாம் சுவாசிக்கிற அதே ஆக்ஸிஜன்தான் என்று கண்டுபிடித்தார். இரண்டு எலெக்ட்ரான்களை இழந்து, அணுவுக்கு அணு முட்டிக்கொள்ளவே வாய்ப்பில்லாத ஏகாந்தத்தில் இருக்கும்போது மட்டும் ஆக்ஸிஜன் அந்தப் பச்சையைக் காட்டுமாம்.

இப்போது ஃபில்டருக்கு வருவோம். கண்ணுக்குத் தெரியும் ஒளி சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. நாரோபேண்ட் ஃபில்டர் என்பது அதில் 7 அல்லது 3 நானோமீட்டரை மட்டும் உள்ளே விடும் கண்ணாடி. 300-க்கு 7 என்றால், எல்லா நிறத்தையும் கொட்டும் வெளிச்சத்தில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்குதான் நுழையும். ஆனால் நெபுலாவின் சிவப்பு சேதாரமில்லாமல் வந்துவிடும். ஒரே தெருவில் நாற்பது ஸ்பீக்கர் அலறும்போது உங்கள் குழந்தையின் குரல் மட்டும் காதில் விழுகிற மாதிரி.

பழைய சோடியம் விளக்குகளாவது பரவாயில்லை. அவற்றின் மஞ்சள் பெரும்பாலும் 589-ஐச் சுற்றியே இருந்தது, ஒதுக்குவது சுலபம். வெள்ளை எல்ஈடி எல்லா நிறத்திலும் கை வைக்கிறது. ஃபில்டருக்குள்ளும் கொஞ்சம் கசியும்.

வெளிநாட்டு ஃபேஷன் என்று நினைக்க வேண்டாம். ஒரே நிறத்தில் வானத்தைப் படம் பிடிப்பதை நம் கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சிக் கூடம் 1904-லேயே கால்சிய ஒளியில் ஆரம்பித்துவிட்டது. 1912-லிருந்து, இதே 656.3 ஹைட்ரஜன் சிவப்பிலும் சூரியனை எடுத்தார்கள். அதற்கு அங்கே பெரிய இயந்திரமே தேவைப்பட்டது. இன்றைக்கு அந்த வேலையைச் சட்டைப் பட்டனைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடி செய்கிறது.

மாடியில் என்னென்ன வேண்டும்? சின்ன டெலஸ்கோப், கறுப்பு வெள்ளை கேமரா, மூன்று ஃபில்டர், பூமி சுழல்வதற்கு ஈடாகத் திரும்பும் ஒரு மவுண்ட். மழைக்கும் வெயிலுக்கும் கூரை நகரும்படி ஒரு ஷெட் போட்டால் அதற்குப் பேர் அப்சர்வேட்டரி. செலவு மோட்டார் பைக் விலையில் ஆரம்பித்து, நீங்கள் உஷாராக இல்லாவிட்டால் கார் விலைக்குப் போகும்.

மவுண்டைத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிறுத்த வேண்டும். நம் ஊர் 12 டிகிரி அட்சரேகை, ஆகவே துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து 12 டிகிரிதான். அதாவது சரியாக வடக்கு வீட்டுக்காரரின் தண்ணீர் டேங்க்குக்குப் பின்னால். கேமரா சூடானால் படத்தில் புள்ளி விழும் என்பதால் அதைக் குளிரூட்டுகிறார்கள். மே மாச ராத்திரியில் வீட்டார் விசிறிக்கொண்டு படுத்திருக்க, கேமரா மட்டும் மைனஸ் டிகிரியில் சுகமாக இருக்கும். கரண்ட் போனால் இன்னொரு வேடிக்கை. ஊர் இருண்டு வானம் ஜோராகத் தெரியும், ஆனால் மவுண்ட் நின்றுவிடும்.

ஒரு படத்துக்கு ஐந்து நிமிஷம். அப்படி நூறு படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் அடுக்கினால் புள்ளி இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். கூட்டிப் பாருங்கள், எட்டு மணி நேரத்துக்கு மேல். கார்த்திகை மழை, பனி, ஆபீஸ் எல்லாம் போக, ஒரே படத்துக்குப் பல ராத்திரி ஆகும்.

நடுவில் பக்கத்து வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்ப்பார்.

"ஒரு மணிக்கு மாடியில என்னப்பா பண்றே?"

"நெபுலா எடுக்கறேங்க."

"எடுத்து?"

இந்தக் கேள்வியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏனென்றால் எடுத்து முடித்த படத்தின் கலர்கூட நிஜக் கலர் இல்லை. 1995-ல் ஹப்பிள் எடுத்த பிரசித்தி பெற்ற தூண்கள் படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்ஸிஜனுக்கு நீலம் என்று நிறத்தை ஒதுக்கினார்கள். இரண்டு சிவப்பைக் கண்ணால் பிரிக்க முடியாது, எந்த வாயு எங்கே இருக்கிறது என்று தெரிய அந்த ஏற்பாடு. பொய்யில்லை, மேப்பில் ஜில்லாவுக்கு ஒரு கலர் அடிக்கிற மாதிரி.

'எடுத்து?' என்று யாராவது கேட்டால் எனக்கு ழான்தீயின் ஞாபகம் வரும். கியோம் லெ ழான்தீ, பிரெஞ்சு விஞ்ஞானி. சூரியனின் முகத்தை வெள்ளி கடப்பதைப் பாண்டிச்சேரியிலிருந்து பார்த்து அளக்க 1760-ல் கப்பலேறினார். வந்து சேர்வதற்குள் பாண்டிச்சேரி வெள்ளைக்காரன் கையில் விழுந்துவிட்டது. 1761 ஜூனில் வெள்ளி கடந்தபோது அவர் நடுக்கடலில், ஆடும் கப்பலில். அளவெடுக்க வழியில்லை. அடுத்தது எட்டு வருஷம் கழித்து. மனிதர் ஊர் திரும்பவில்லை, இருந்து பார்த்துவிடுவது என்று தங்கிவிட்டார். 1768-ல் பாண்டிச்சேரி வந்து, இடிந்து கிடந்த கவர்னர் மாளிகையில் அப்சர்வேட்டரி கட்டினார். 1769 ஜூன் 4, விடியற்காலை. மேகம்! வெள்ளி கடந்து முடிந்த பிறகு வெயில் சுள்ளென்று அடித்தது. 1771-ல் பாரிஸ் திரும்பினால், செத்துவிட்டாரென்று சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதே ழான்தீ 1747-ல் லகூன் நெபுலாவைப் பார்த்துக் குறித்துவைத்தவர். பாரிஸில் அது உச்சிக்கு வந்தாலும் 17 டிகிரிதான் ஏறும். விழுப்புரத்தில் 54 டிகிரி. விண்வெளி மேகத்தைப் பார்த்தவரைச் சாதா மேகம் கவிழ்த்துவிட்டது. நமக்கு ஒரு ராத்திரி மேகம் போட்டால், அடுத்த சனிக்கிழமை இருக்கிறது.

சரி, எடுத்து? ஓரியனிலிருந்து உங்கள் கேமராவில் விழும் சிவப்பு, விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே மண்டகப்பட்டுப் பாறையை மகேந்திரவர்மன் குடைந்து அரை நூற்றாண்டு ஆனபோது கிளம்பியது. 1,350 வருஷம் குறுக்கே எதிலும் சிக்காமல் வந்து, கடைசி நூறு மீட்டரில் ஒரு மூடியில்லாத தெருவிளக்கில் தொலைகிறது. ஃபில்டர் கேமராவைத்தான் காப்பாற்றும். பால்வீதியைத் தேடும் வெறுங்கண்ணுக்கு அது உதவாது. விளக்கின் தலையில் ஒரு தகரத்தொப்பி வைத்து வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பினால் ரோடும் பிரகாசம், வானமும் பாக்கி. இல்லாவிட்டால் உங்கள் பெண்ணுக்குப் பால்வீதியை அப்பாவின் கம்ப்யூட்டரில்தான் காட்ட வேண்டியிருக்கும்.

அதனால் அடுத்த முறை பெரியவர் 'எடுத்து?' என்றால் பதில் சொல்ல வேண்டாம். மேலே கூப்பிட்டுப் படத்தைக் காட்டுங்கள். ரொம்ப நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தால், மெதுவாகத் தண்ணீர் டேங்க் விஷயத்தை ஆரம்பிக்கலாம்.