அல்கோல்: நிறை கைமாறிய கதை

பெர்சியஸ் விண்மீன் குழுவில் உள்ள அல்கோல் 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்கும். சுமார் பத்து மணி நேரத்தில் பழைய ஒளிக்குத் திரும்பிவிடும். வெறும் கண்ணுக்கே தெரியும் இந்த மாற்றத்தின் கால ஒழுங்கை 1783இல் அறிவித்தவர் இங்கிலாந்தின் யார்க் நகரில் வாழ்ந்த ஜான் குட்ரிக். காது கேளாத அந்த இளைஞருக்கு அப்போது வயது 18. பெரிய பொருளொன்று விண்மீனைச் சுற்றிவந்து மறைக்கலாம் என்றார். 1889இல் ஹெர்மன் ஃபோகல் நிறமாலை ஆய்வால் அதை உறுதிசெய்தார்.

முரண் அதன் பிறகே தலைதூக்கியது. நிறை கூடிய விண்மீன் தன் ஹைட்ரஜனை வேகமாக எரித்துச் சீக்கிரம் முதுமையடையும். அல்கோலில் சூரியனைப்போல் மூன்று மடங்குக்குச் சற்று மேல் நிறையுள்ள விண்மீன் இன்னும் இளமையோடு இருக்கிறது. சூரியனைவிடவும் நிறை குறைந்த துணையோ உப்பி முதுமைக்குள் நுழைந்துவிட்டது. இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை. (தொலைவில் சுற்றும் மூன்றாவது விண்மீனுக்கு இந்த வழக்கில் பங்கில்லை.)

பிழை விதியில் இல்லை. பிறந்தபோதிருந்த நிறைதான் இன்றும் இருக்கிறது என்ற சொல்லப்படாத அனுமானத்தில் இருந்தது. இன்று மெலிந்து கிடப்பதே ஒருகாலத்தில் நிறை மிகுந்தது என்று 1955இல் ஜான் கிராஃபோர்ட் துணிந்து சொன்னார். அது முதுமையில் உப்பியபோது, தன் ஈர்ப்பால் பிடித்துவைக்கக்கூடிய எல்லையை, அதாவது ரோஷ் மடலின் விளிம்பை, அதன் வெளியடுக்குகள் தாண்டின. வாயு துணையின் பக்கம் பாய்ந்தது. 1960களில் ருடால்ஃப் கிப்பன்ஹானும் ஆல்ஃபிரட் வைகெர்ட்டும் இத்தகைய நிறைமாற்றத்தைக் கணினியில் படிப்படியாகக் கணக்கிட்டுக் காட்டினர்.

கணக்கின் அழகு அதன் வேகத்தில் இருக்கிறது. பெரியது சிறியதற்குக் கொடுக்கும்போது சுற்றுப்பாதை சுருங்கும். சுருங்கச் சுருங்கப் பாய்ச்சல் கூடும். நிறைகள் இடம் மாறியபின் பாதை விரியும், பாய்ச்சல் தணியும். முதல் கட்டம் விரைவில் முடிந்துவிடுவதால் அதை நேரில் காண்பது அரிது; நெடுங்காலம் நீடிக்கும் இரண்டாம் கட்டமே பெரும்பாலும் கண்ணில் படுகிறது. அல்கோல் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது.

பாய்ச்சல் இன்னும் வலுவாக நடக்கும் இணையும் உண்டு. ஏறத்தாழ 13 நாள் சுற்றுக்காலம் கொண்ட பீட்டா லைரேயில், நிறை குறைந்துவிட்ட விண்மீனிலிருந்து நிறை கூடியதற்கு வாயு போய்க்கொண்டிருக்கிறது. பாதை விரிவதால் அதன் சுற்றுக்காலம் ஆண்டுக்குச் சுமார் 19 விநாடி நீண்டுவருகிறது.