அலாரம் அடிச்சா யாரைக் கூப்பிடறது?

ஒரகடம் ரோட்டுல பைக்ல இருந்து விழுந்த ரூம்மேட்டுக்காக, செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐசியூ வாசல்ல மூணு ராத்திரி உட்கார்ந்திருந்தேன். உள்ளே விட்ட அஞ்சு நிமிஷத்துல வென்டிலேட்டர் அலாரம் கத்துச்சு. சின்னப் பொண்ணு ஒரு சிஸ்டர், சத்தத்தை மட்டும் நிறுத்திட்டு சீனியரைத் தேடி ஓடினாங்க. அவங்க வந்து சளியை உறிஞ்சி எடுத்ததும்தான் அடங்குச்சு. இந்தப் பொண்ணு ஐசியூவுக்கு வந்து பத்து நாளாம்.

அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். நாலு வருஷம் பி.எஸ்சி. நர்சிங் படிச்சு, கவுன்சில்ல பதிவும் பண்ணியாச்சு. ஆனா அடைப்பு சளியாலயா, குழாய் மடங்கிருச்சா, இருமலான்னு நொடியில பிரிக்கறது தனி வித்தை. எனக்கு புரொடக்‌ஷன் சர்வர்ல கை வைக்கவே மூணு மாசம் டிரெயினிங். அது படுத்தா ரீஸ்டார்ட் பண்ணிக்கலாம்!

இந்திய நர்சிங் கவுன்சில் இதுக்குன்னே 2 வருஷ முதுநிலைப் படிப்பு வச்சிருக்கு. எல்லாராலயும் போக முடியுமா? சம்பளத்தோட சில வாரம் அடிப்படைப் பயிற்சி, கூடவே ஒரு சீனியர். இது இல்லாம ஐசியூல ராத்திரி டியூட்டி போடக்கூடாதுங்கறது என் கட்சி.

கொரோனா வார்டுல நின்னே கத்துக்கிட்ட தற்காலிக நர்சுகளை, 2022 டிசம்பர் 31-ஓட ஒப்பந்தம் முடிஞ்சுதுன்னு தமிழக அரசு அனுப்பிச்சு. போராட உட்கார்ந்தப்புறம்தான் மாற்று வேலைப் பேச்சே வந்தது.

ரூம்மேட்டை வார்டுக்கு மாத்தின அன்னிக்கு, அதே சிஸ்டர் பக்கத்து பெட்ல தனியாவே சளி எடுத்துட்டிருந்தாங்க.