புதிய தோற்றம் பிறகு, முதலில் வாசிக்க விடுங்கள்



நம்மூர் ஆவண இணையத்தளத்துக்குப் புதிய தோற்றம் கொடுக்கப் போகிறார்கள். வட்ஸ்அப் குழுமத்தில் மூன்று மாதிரிகளைப் போட்டு, எது அழகு என்று வாக்குக் கேட்டிருக்கிறார்கள். நான் எதற்கும் வாக்களிக்கவில்லை. "ஏன் சேர் பேசாம இருக்கிறீங்க?" என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தளத்தை நடத்தும் தம்பி தங்கைமார் யாரும் ஒரு சதம் எடுப்பதில்லை. பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் இருந்து பழைய சஞ்சிகைகளையும் பள்ளிவாசல் பதிவுகளையும் ஸ்கேன் பண்ணுகிறார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த உழைப்பு வாசிக்கிற ஆளிடம் போய்ச் சேரவில்லை என்பதுதான் என் முறைப்பாடு.

மூன்று மாதிரிகளையும் பாருங்கள். மூன்றிலும் முகப்பில் தானாக ஓடும் படங்கள், வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து, மேலே தங்க நிறத் தலைப்பு. பெரிய கணினித் திரையில் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் நம்மூரில் இந்தத் தளத்தை யார் பெரிய திரையில் பார்க்கிறார்? கீறல் விழுந்த போனில், வெயிலில் நின்று, இருக்கிற கொஞ்ச டேட்டாவில் பார்க்கிறோம். அதில் சாம்பல் எழுத்து மங்கிப் போகும், தங்க நிறம் மறைந்தே போகும்.

இது என் விருப்பு வெறுப்பு அல்ல. இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் வழிகாட்டியில் இதற்கு அளவு இருக்கிறது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 ஆக இருக்க வேண்டும், பெரிய எழுத்துக்கு 3க்கு 1. வெள்ளையில் கறுப்பு 21க்கு 1. இதை அளந்து சொல்லும் இலவசக் கருவிகள் நிறைய உண்டு. மாதிரிகளைப் போட முன்னர் யாராவது அளந்தார்களா?

தமிழுக்கு இது இரட்டிப்பு முக்கியம். நமது எழுத்தில் புள்ளி ஒன்று தெரியாமல் போனால் சொல்லே மாறிவிடும். "கல்" என்பது "கல" ஆகும், "பால்" என்பது "பால" ஆகும். எழுத்தைச் சிறிதாக்கி, வரிகளை நெருக்கி வைத்தால் மேல் வரியின் "கு", "மு" கீழ் வரியின் புள்ளியில் போய் முட்டும். ஆங்கிலத் தளத்துக்குச் செய்த அச்சை அப்படியே எடுத்துத் தமிழைக் கொட்டினால் இப்படித்தான் வரும். இரண்டு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்று வரியை இழுத்தால், நீளமான தமிழ்ச் சொற்களுக்கு நடுவே போன் திரையில் பெரிய பெரிய ஓட்டைகள் விழும். இடது ஓரத்தை மட்டும் நேராக்கி, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருவைப் போட்டு, வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விட்டால் போதும், அதுவே அழகாக இருக்கும். நான் அழகுக்கு எதிரி இல்லை.

இன்னொன்று. இப்போதைய தளத்தில் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்க்க முடியாது. வடிவமைப்புக் குலையக் கூடாது என்று பூட்டி வைத்திருக்கிறார்கள். நாற்பது தாண்டியவர்களின் கண்ணாடிக்கு மேல் இருக்கும் ஒரே உதவியும் அதுதான். அதைப் பறித்துவிட்டு யாருக்காக அந்த வடிவமைப்பைக் காப்பாற்றுகிறோம்?

அடுத்தது உள்ளடக்கம். பழைய கட்டுரைகள் பல பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஏற்றியவை. அந்த எழுத்துரு இல்லாத போனில் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். மிச்சமெல்லாம் ஸ்கேன் பண்ணிய பீடிஎப். அது நமது கண்ணுக்குப் பக்கம், கணினிக்கு வெறும் படம். தரம் 10 பிள்ளைகளிடம் ஊர் வரலாறு பற்றி ஒப்படை கொடுத்தால், "கூகிள்ல தேடினோம் சேர், எங்கட ஊரப் பத்தி ஒண்டுமே இல்ல" என்று வருகிறார்கள். இருக்கிறது. தேடினால் அகப்படாத விதமாக நாமே வைத்திருக்கிறோம்.

பார்வை இல்லாத ஒருவர் வந்தால் என்ன நடக்கும்? அன்ட்ரொய்ட் போன்களில் டோக்பேக் என்று திரையை வாசித்துச் சொல்லும் வசதி இருக்கிறது. கணினிக்கு என்விடிஏ என்ற மென்பொருள் இலவசம். இரண்டிலும் தமிழ்க் குரல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஸ்கேன் பக்கத்தில் வாசிக்க எழுத்தே இல்லை. பாமினிப் பக்கத்தில் ஆங்கில எழுத்துகளை உளறும். பக்கத்தின் மொழி தமிழ் என்று குறிக்காமல் ஆங்கிலம் என்று விட்டிருந்தால், சரியான தமிழையும் ஆங்கிலக் குரலில் வாசிக்கப் பார்க்கும். "இங்கே அழுத்தவும்", "இங்கே அழுத்தவும்" என்று பதினைந்து இணைப்புகள் வரிசையாக வந்தால், எதை அழுத்தினால் எங்கே போகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"நம்மூர்ல கண் தெரியாதவங்க எத்தன பேர் சேர் இதப் பார்க்கிறாங்க?" என்று ஒரு தம்பி குழுமத்தில் கேட்டார். படியை மட்டும் கட்டிவிட்டு, சக்கர நாற்காலியில் யாரும் வருவதில்லையே என்று சொல்வதைப் போன்ற கேள்வி அது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக இந்த நாட்டில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. தகவலும் இணையமும் எட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அந்தச் சமவாயத்தில் உள்ள விடயம். ஒரு சின்ன ஊர்த் தளத்துக்கு எதிராக யாரும் வழக்குப் போடப் போவதில்லை. அதற்காக உரிமை இல்லாமல் போய்விடாது.

சட்டத்தை விடுங்கள், நமது முன்னோர் என்ன செய்தார்கள்? குர்ஆன் ஓதத் தெரிந்து தமிழ் எழுத்துத் தெரியாத மக்கள், குறிப்பாகப் பெண்கள், நம்மிடையே ஏராளமாக இருந்தார்கள். அவர்கள் வந்து தமிழ் எழுத்தைப் படித்துக்கொள்ளட்டும் என்று ஆலிம்கள் காத்திருக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்த அரபு எழுத்திலேயே தமிழை எழுதினார்கள், அரபுத் தமிழில் நூல்கள் நூலாக வந்தன. வாசிப்பவருக்காக எழுத்தையே வளைத்த சமூகம் நாம். அதே அரபுத் தமிழ் ஏடுகளை இன்று வாசிக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். அவற்றையும் படமாக மட்டும் எடுத்து வைத்தால், இன்னும் ஒரு தலைமுறையில் அவை வெறும் கோலங்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவரை இருத்தித் தமிழ் எழுத்தில் தட்டச்சு செய்தால்தான் அவை ஆவணம்.

நான் சொல்ல வந்த முக்கிய விடயமும் இதுதான். அணுகல் வேலை வேறு, ஆவண வேலை வேறு என்று நினைக்கிறோம். அது தவறு. தளத்தில் உள்ள பழைய புகைப்படங்களைப் பாருங்கள். பாடசாலை விளையாட்டுப் போட்டி, பள்ளிவாசல் திறப்பு, சுனாமிக்கு முந்திய கடற்கரை. பெரும்பாலான படங்களுக்குக் கீழே ஒரு சொல்லும் இல்லை. பார்வை இல்லாதவருக்காக "இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் இன்னார், இன்ன வருடம், பின்னால் தெரிவது பழைய சந்தைக் கட்டடம்" என்று எழுத வேண்டும் என்கிறது வழிகாட்டி. அந்த இரண்டு வரி யாருக்குத் தெரியும்? எழுபது, எண்பது வயதானவர்களுக்கு. அவர்கள் மௌத்தானால் அந்தப் படத்தைக் கண் தெரிந்தவர்களும் பார்த்து ஒன்றும் விளங்கப் போவதில்லை. ஒவ்வொரு ஜனாஸாவோடும் பத்துப் பதினைந்து பெயர்களைச் சேர்த்து அடக்கிக்கொண்டிருக்கிறோம். நாம் இங்கே தங்க நிறமா பச்சை நிறமா என்று வாக்கெடுக்கிறோம்.

"சும்மா செய்றவங்ககிட்ட இவ்வளவு கேட்கலாமா?" என்பது அடுத்த வாதம். கேட்கலாம். மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கியது, அதுவும் தன்னார்வலர்களின் வேலைதான். பழைய தமிழ் நூல்களைப் படமாக வைக்காமல் எழுத்தாகவே உள்ளிட்டார்கள். முதலில் டிஸ்கி என்ற குறியேற்றத்தில் செய்தார்கள். பின்னர் யூனிகோடுக்கு மாறினார்கள். அதனால்தான் அந்த நூல்களில் இன்று தேடவும் முடிகிறது, காதால் கேட்கவும் முடிகிறது. சம்பளம் வாங்காததால் தரம் குறையலாம் என்று அவர்கள் நினைக்கவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள் காசு தருவதற்குத் தளம் பளபளப்பாக இருக்க வேண்டுமாம். அவர்களைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். தன் வாப்பாவின் பெயரைத் தேடி அது கிடைக்கிற தளத்துக்கு அவர்கள் தருவார்கள்.

என் கோரிக்கை இது. வடிவமைப்பாளருக்கு முற்பணம் கொடுக்க முன்னர் நான்கு நிபந்தனைகளை எழுத்தில் வையுங்கள். நிற வேறுபாடு அளவுக்கு இருக்க வேண்டும். விரலால் பெரிதாக்குவதைத் தடுக்கக் கூடாது. பக்கத்தின் மொழி தமிழ் என்று குறித்து, தலைப்புகளைத் தலைப்பாகவே அமைக்க வேண்டும், வெறுமனே தடித்த எழுத்தாக்கி விடக் கூடாது. எலியைத் தொடாமல் விசைப்பலகையால் மட்டும் எல்லா இடத்துக்கும் போக முடிய வேண்டும். இவற்றுக்கு மேலதிகமாகப் பெரிய செலவில்லை, தொடக்கத்திலேயே சொன்னால் சரி. முடித்த பிறகு சொன்னால்தான் செலவு.

பாமினிக் கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றியதும் பிழை பார்க்க உயர்தர மாணவர்கள் சிலரை நான் கூட்டி வருகிறேன். ஸ்கேன் பக்கங்களில் அதிகம் கேட்கப்படுபவற்றை முதலில் தட்டச்சு செய்வோம். எல்லாம் ஒரே மாதத்தில் முடியாது, முடிய வேண்டும் என்றும் இல்லை.

படங்களுக்கு மட்டும் அவசரம். உங்கள் வீட்டில் மூத்த வாப்பாவோ மூத்தம்மாவோ இருந்தால், இன்றிரவே தளத்தில் உள்ள படங்களைப் போனில் திறந்து காட்டுங்கள். யார், எங்கே, எப்போது என்று கேட்டுக் குரல்பதிவாகவாவது குழுமத்துக்கு அனுப்புங்கள். நான் எழுதித் தருகிறேன்.