விலையற்றதும் விலையுள்ளதும்

தானமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தல் ஆகாது என்பர். கணினிக்கு மென்பொருள் ஆக்குவோர் இப்பழமொழியைச் சற்றே ஒதுக்கிவைத்தல் நன்று. இலவசமாகக் கிடைப்பதன் நிபந்தனைகளை அவர்கள் ஆராய்ந்தேயாதல் வேண்டும். இதற்குக் கியூட் என்னும் மென்பொருட் சட்டகம் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

மேசைக் கணினிச் செயலிகளுக்கு வேண்டிய சாளரம், பொத்தான், பட்டியல் முதலிய உறுப்புக்களை ஆயத்தமாகத் தருவது கியூட். ஒருமுறை எழுதிய நிரலை விண்டோஸ், லினக்ஸ், மாக் ஆகிய மூன்றிலும் இயங்கச் செய்தல் அதன் சிறப்பு. நோர்வே நாட்டு ட்ரொல்டெக் கம்பனி 1995இல் இதனை வெளியிட்டது. இன்று பின்லாந்துக் கம்பனியொன்று இதனைப் பேணி வருகின்றது. இதன் திறந்த மூலப் பதிப்பு விலையின்றிக் கிடைக்கும். வணிகப் பதிப்புக்கோ நிரலாளர் தொகைக்கேற்பக் கட்டணம் செலுத்தல் வேண்டும்.

விலை கொடுத்து வாங்குவதே உயர்ந்தது என்று கருதுவார் பலர். அஃது உண்மையன்று. இரண்டின் அடிப்படை நிரலும் ஒன்றே. எல்.ஜீ.பி.எல். உரிமத்தின்கீழ் இலவசப் பதிப்பைக் கொண்டு செயலி ஆக்கி விற்கவும் செய்யலாம். தம் நிரலை மறைத்து வைக்கவும் செய்யலாம். ஆயின், கியூட்டின் மூலநிரலைப் பயனருக்குக் கிடைக்கச் செய்தலும், அவர் அதனைத் திருத்தி மாற்றிக்கொள்ள இடமளித்தலும் கடன். சில பகுதிகள் ஜீ.பி.எல். உரிமத்தில் மட்டுமே கிடைக்கும். அவற்றைச் சேர்த்து வெளியிடுவோர் தம் நிரலையும் திறந்துவைத்தல் வேண்டும். கட்டணம் செலுத்துவோர் பெறுவது இக்கடமைகளினின்று விலக்கும், நெடுங்காலப் பேணலும், உதவியுமேயாம்.

ஆதலின், பயனர் மாற்றவியலாதவாறு பூட்டிய கருவிகளை ஆக்குவோரும், ஒரே பதிப்பைப் பல்லாண்டு பேணவேண்டியோரும் வணிகப் பதிப்பை வாங்குதலே முறை. மாணவர்க்கும் சிறு முயற்சியாளர்க்கும் இலவசப் பதிப்பே சாலும். இலவசத்தைப் பெற்றுக் கடனை மறப்பதோ இரண்டினும் இழிந்தது.

இலவசப் பதிப்பு தானே நிலைபெற்றதும் அன்று. தொடக்கத்து உரிமம் முழுச் சுதந்திரம் அளிக்கவில்லை என்ற கண்டனத்தினாலேயே 1997இல் க்னோம் என்னும் மாற்றுத் திரைத்தள முயற்சி பிறந்தது. கியூட்டின்மேல் எழுந்த கே.டி.ஈ. திரைத்தளத்தார் 1998இல் கம்பனியோடு ஒப்பந்தம் செய்தனர். இலவச வெளியீட்டைக் கம்பனி நிறுத்துமாயின், தடைகள் குறைந்த உரிமத்தில் அதனை வெளியிடும் உரிமை அவ்வொப்பந்தத்தால் ஓர் அறநிலையத்துக்குக் கிட்டிற்று. 2021 முதல் நெடுங்காலப் பேணற் பதிப்புக்களின் திருத்தங்கள் கட்டணம் செலுத்துவோர்க்கே முதலிற் செல்கின்றன. வாயில் இங்ஙனம் குறுகினும் அடைபடாதிருப்பதற்கு அவ்வொப்பந்தமே காவல்.

கே.டி.ஈ. திரைத்தளம் தமிழிலும் கிடைப்பது தொண்டர் உழைப்பின் பயன். பொதுக்கேணியில் நீர் அள்ளுவோர் அதனைத் தூர்வாரவும் கைகொடுத்தல் வேண்டும். இளைய மாணவர் உரிமத்தைப் படித்து ஒழுகுக. பிழை கண்டால் அறிவிக்க. இயன்றால் திருத்தி அளிக்க. விலையற்ற பொருளுக்கு நாம் செலுத்தத்தக்க விலை அதுவே.