பொய் எச்சரிக்கைகளை மூடி வைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாஷிங்டனில் 2025 மார்ச் முதலாம் திகதி நடந்ததை எங்கள் சிவில் விமான சேவைகள் அதிகார சபை வெறும் வெளிநாட்டுச் செய்தியாக வாசித்துவிட்டு இருந்துவிடக் கூடாது. அன்று ரீகன் விமான நிலையத்தில் இறங்க வந்த பல விமானங்களின் விமானி அறையில், பக்கத்தில் இன்னொரு விமானம் வருகிறது, விலகு என்று எச்சரிக்கை அடித்தது. பக்கத்தில் எதுவும் இல்லை. சில விமானங்கள் இறங்காமல் மறுபடி மேலேறிச் சுற்றி வந்தன. அதே நிலையத்தருகே ஜனவரி 29ஆம் திகதி பயணிகள் விமானமும் இராணுவ ஹெலிகொப்டரும் மோதி 67 பேர் இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த விமானிகளின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்!

காரணம் பிறகு செனட் விசாரணையில் வெளிவந்தது. அமெரிக்கக் கடற்படையும் ஜனாதிபதியைப் பாதுகாக்கும் இரகசியச் சேவையும் அருகில் ட்ரோன் எதிர்ப்புக் கருவியைப் பரீட்சித்திருக்கின்றன. விமானங்களின் எச்சரிக்கைக் கருவி பயன்படுத்தும் அலைவரிசையைத் தொடாதீர்கள் என்று அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம் முன்கூட்டியே எச்சரித்திருந்தும் அவர்கள் கேட்கவில்லை.

விமானி அறையில் அந்த எச்சரிக்கையை அடிக்கும் டிகாஸ் எனப்படும் கருவி தரையில் இருக்கும் எவரையும் எதிர்பார்த்து வேலை செய்வதில்லை. 1030 மெகாஹேர்ட்ஸில் சுற்றியுள்ள விமானங்களைக் கேட்கும். அவற்றின் டிரான்ஸ்பொண்டர்கள் 1090இல் பதில் சொல்லும். பதில் வந்துசேர எடுத்த நேரத்திலிருந்து தூரத்தைக் கணக்கிடும். உயரம் அந்தப் பதிலுக்குள்ளேயே இருக்கும். இடைவெளி குறைந்தால் திரையில் மஞ்சள் வட்டம் தோன்றி "ட்ராஃபிக், ட்ராஃபிக்" என்று குரல் வரும். இன்னும் நெருங்கினால் வட்டம் சிவப்புச் சதுரமாகி "க்ளைம்ப், க்ளைம்ப்" என்றோ "டிசென்ட், டிசென்ட்" என்றோ கட்டளை வரும். ஏறும் இறங்கும் வேகத்தைக் காட்டும் மானியில் போகக்கூடாத பக்கம் சிவப்பாகவும் போகவேண்டிய பக்கம் பச்சையாகவும் ஒளிரும். விமானி 5 செக்கனுக்குள் கட்டளைப்படி விமானத்தை ஏற்றவோ இறக்கவோ தொடங்கியாக வேண்டும். ஜன்னலால் பார்த்து உறுதிசெய்யவோ பக்கத்து விமானியிடம் கேட்கவோ அங்கே நேரமில்லை.

கேள்வி கேட்காமல் கீழ்ப்படிந்தால்தான் இந்த ஏற்பாடு உயிர் காக்கும். 2001 ஜனவரி 31இல் ஜப்பான் வானில் ஒரு விமானிக்கு டிகாஸ் ஏறச் சொன்னது, தரைக் கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார். விமானி இறங்கினார். மற்ற விமானத்தின் கருவியும் அதை இறங்கச் சொல்லியிருந்தது. மயிரிழையில் மோதல் தப்பியது. ஆனால் கடைசி நொடித் திருப்பத்தில் சுமார் நூறு பேர் காயப்பட்டார்கள். அடுத்த வருடம் ஜூலை முதலாம் திகதி ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேல் இதே குழப்பம் நேர்ந்தபோது எவரும் தப்பவில்லை. 71 பேர், அவர்களில் பெரும்பாலானோர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கருவி சொல்வதும் கட்டுப்பாட்டாளர் சொல்வதும் முரண்பட்டால் கருவி சொல்வதையே செய் என்று இன்று உலகம் முழுவதும் விமானிகளுக்குச் சொல்லித் தருவது இந்தச் சாவுகளால்தான்.

கருவி காட்டுவதை நம்புவதன் அருமை நமக்கும் தெரியும். 2022 ஜூன் 13இல் லண்டனிலிருந்து கொழும்பு வந்துகொண்டிருந்த யூஎல் 504 விமானத்தை துருக்கி வானில் 33,000 அடியிலிருந்து 35,000 அடிக்கு ஏறும்படி அங்காரா கட்டுப்பாட்டாளர் சொன்னார். 35,000 அடியில் 15 மைல் தூரத்தில் டுபாய் போகும் பிரித்தானிய விமானம் ஒன்று இருப்பதை நம் விமானிகள் தங்கள் கருவியில் கண்டு ஏற மறுத்தார்கள். மறுபடியும் ஏறச் சொன்னபோதும் மறுத்தார்கள். விமானத்தில் 275 பயணிகள். அந்த விமான நிறுவனமே தன் அறிக்கையில் விமானிகளின் விழிப்பையும் விமானத்திலிருந்த கண்காணிப்புக் கருவிகளையும் பாராட்டியது. அந்தத் திரையில் அதற்கு முன் இரண்டு மூன்று தடவை இல்லாத விமானங்கள் தெரிந்திருந்தால் அவர்கள் அவ்வளவு உறுதியாக நின்றிருப்பார்களா?

பொய்யாக அடித்தால் என்ன, உயிர் போகவில்லையே என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வெள்ளவத்தைக் கடலோர ரயில் கடவையில் ரயில் வராமலே மணி அடித்துக்கொண்டிருந்தால் நாலாம் நாள் ஓட்டோக்காரர் நிற்கமாட்டார். விமானியும் மனிதர்தான். தவிர, அந்தத் திடீர் ஏற்ற இறக்கத்துக்கே ஒரு விலை உண்டு. 2025 ஜூலை 25இல் கலிபோர்னியாவில் ஒரு சவுத்வெஸ்ட் விமானம் உண்மையான எச்சரிக்கை ஒன்றுக்குக் கீழ்ப்படிந்து சட்டெனத் தாழ்ந்தது. விமானப் பணியாளர்கள் இருவர் காயமடைந்தார்கள். உண்மை எச்சரிக்கை என்றால் அந்தக் காயத்தைத் தாங்கலாம். யாரோ பரீட்சித்துப் பார்த்த கருவிக்காக ஏன் தாங்க வேண்டும்?

இது எங்களைத் தொடாத விஷயமல்ல. சென்னை உட்பட ஏழு இந்திய விமான நிலையங்களில் ஜீபிஎஸ் சமிக்ஞைக் குழப்பம் பதிவாகியிருப்பதாக 2025 டிசம்பரில் அந்நாட்டு விமானப் போக்குவரத்து அமைச்சரே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். பலாலிக்கு வரும் விமானங்களில் சில புறப்படுவது அந்தச் சென்னையிலிருந்துதான். ஜீபிஎஸ் குழம்பினால் பொய் சொல்வது வேறொரு கருவி: நிலம் நெருங்குகிறது, மேலே தூக்கு என்று கத்துவது. 1974 டிசம்பர் 4இல் நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்துச் சப்த கன்யா மலையில் ஹஜ் பயணிகளோடு வந்த விமானம் மோதி 191 பேர் பலியானதைக் கண்ட நாடு இது. அந்தக் கருவியும் விமானிகளின் நம்பிக்கையை இழந்துவிடக் கூடாது.

நான் வார்ஃப் கிளார்க்காக வேலை செய்தவன். ஒருகொடவத்தை சுங்க யார்ட்டில் கொள்கலன் திறக்கும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன். சாமான்களுக்கு நடுவே ஒரு பெட்டி வோக்கி டோக்கி இருந்தால் போதும், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதிக் கடிதம் எங்கே என்று அதிகாரி கேட்பார். எந்த அலைவரிசை, எத்தனை வாட்ஸ் என்று கற்றலொக்கை விரித்துக் காட்ட வேண்டும். கடிதம் வரும்வரை பெட்டி ஒரு பக்கம், ஏறிக்கொண்டே போகும் டெமரேஜ் ஒரு பக்கம். இறக்குமதியாளர் என்னைத்தான் ஏசுவார். ஆனாலும் அந்தக் கட்டுப்பாடு நியாயமானது என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அலைவரிசை என்பது எல்லோருக்கும் பொதுவான பாதை.

அதே கேள்வியைச் சீருடைக்காரரின் கருவிக்கும் கேட்க வேண்டும். ட்ரோன் எதிர்ப்புக் கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தபோது ஓடிப்போய் நின்ற எங்களுக்குப் பாதுகாப்பின் தேவையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் எந்தக் கருவியானாலும் அதை இயக்குமுன் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் எழுத்துமூல ஒப்புதல் பெறவேண்டும். எந்த நாள், எந்த நேரம் என்பது கட்டுநாயக்கவிலும் இரத்மலானையிலும் பலாலியிலும் உள்ள கட்டுப்பாட்டாளர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாஷிங்டனில் எச்சரித்தும் கேட்காத தவறு இங்கே நடக்க இடம் வைக்கக் கூடாது.

இன்னொன்று. விமானத்தைக் கொட்டகையில் நிறுத்தி டிரான்ஸ்பொண்டரைச் சோதிக்கும்போது, தரையில் நின்றபடியே அது பல ஆயிரம் அடி உயரத்தில் பறப்பதாகப் பதில் அனுப்ப முடியும். அன்டெனாவை மூடாமல் சோதித்தால் மேலே போகும் விமானத்தின் திரையில் அது பேய் விமானமாகத் தெரியும். இரத்மலானையிலும் கட்டுநாயக்கவிலும் பராமரிப்பு வேலை செய்வோரிடம் அந்த மூடி கையில் இருக்கிறதா என்று அதிகார சபை முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்க்க வேண்டும்.

டிகாஸ் கட்டளை கிடைத்தால் விமானி அதைக் கட்டுப்பாட்டாளருக்கு உடனே சொல்ல வேண்டும், பிறகு எழுத்திலும் கொடுக்க வேண்டும். ஆகவே கணக்கு இருக்கிறது. கொழும்பு வான்பரப்பில் ஒரு வருடத்தில் எத்தனை கட்டளைகள், அவற்றில் பொய்யானவை எத்தனை, எதனால் என்பதை விமானியின் பெயரோ விமானத்தின் இலக்கமோ இல்லாமல் மூன்று மொழியிலும் அதிகார சபை வெளியிடட்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொருவராக விண்ணப்பம் போட்டுக் கேட்கும் நிலையில் பொதுமக்களை வைக்க வேண்டாம். முதல் அறிக்கை இந்த வருட முடிவுக்குள் வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வார்ஃப் கிளார்க் ஒருவர்,
ஒருகொடவத்தை.